வெளிச்சத்துக்கு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல்

அரசு அலுவலகத்தில் 34 ஆண்டுகள் கோப்பு நகர்த்தியவனை ஒரு பழக்கம் விடாது. ஒரு டஜன் பென்சில் வாங்குவதென்றாலும் கொட்டேஷன் வேண்டும், ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும், அதன் கீழே ஒரு குறிப்பு வேண்டும். ஓய்வு பெற்ற பின் அந்தப் பழக்கம் போன மாதம் மீண்டும் கைகொடுத்தது. வாங்க வேண்டிய பொருள், வீடியோ எடுப்பதற்கான எல்.இ.டி. விளக்கு.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அத்தைக்கு 89 வயது. பிரான்சிலிருக்கும் மகள் வந்து அவரைத் தன்னோடு அழைத்துப் போகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது அத்தைக்கு 18 வயது. மாமா சொல்தா, அல்ஜீரியா வரை போய் வந்தவர். அத்தையின் மனத்திலிருக்கும் ஊர் இப்போது எங்கள் குடும்பத்தில் வேறு யாரிடமும் இல்லை. போவதற்கு முன் அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

என் பேரனுக்குத் தொழிலே கல்யாண வீடியோதான். "கேமரா இருக்கு, மைக் இருக்கு தாத்தா. பாட்டி ரூம்லதான் வெளிச்சமே இல்ல" என்றான். முற்றத்தில் வைத்து எடுக்கலாம் என்றால், கண்புரை அறுவை செய்துகொண்ட அத்தைக்கு வெயிலில் கண் கூசும். ஆகவே இரண்டு விளக்குகளை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தான். இரண்டுமே 200 வாட். ஒன்றின் விலை மற்றதில் பாதி. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

பிரெஞ்சுப் பள்ளியில் 'லூமியேர்' என்றால் வெளிச்சம் என்று படித்த காலத்தில், சினிமாவைத் தொடங்கிவைத்த சகோதரர்களுக்கும் அதே பெயர்தான் என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1895-இல் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதை அவர்கள் படமெடுத்தார்கள். விளக்கு எதுவும் கிடையாது, சூரியன்தான். அதற்குப் பின் வந்த விளக்குகளெல்லாம் அந்தச் சூரியனை அறைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் என்றே சொல்லலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஹாலஜன் விளக்கு நினைவிருக்கும். கல்யாண வீட்டில் கேமராக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பையன் 1000 வாட் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாப்பிள்ளைக்கு வியர்க்கும், பெண்ணுக்கு முகப்பூச்சு கரையும். தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். இன்றைய 200 வாட் எல்.இ.டி. அதற்கு ஏறத்தாழ ஈடான வெளிச்சத்தைத் தருகிறது, அந்த வெக்கை இல்லாமல்.

இனி பட்டியலுக்கு வருகிறேன்.

முதல் பத்தி, பிரகாசம். இரண்டு பெட்டிகளிலும் 'ஒரு மீட்டரில் இத்தனை லக்ஸ்' என்று போட்டிருந்தது. மலிவான விளக்கின் எண்தான் பெரியது. பேரனிடம் கேட்டேன். அந்த எண் வெளிச்சத்தைக் குறுக்கிக் குவிக்கும் கிண்ணத்தை மாட்டி அளந்தது என்றான். மற்றது அகலமான கிண்ணத்தில் அளந்தது. ஒருவர் கிலோவுக்கும் இன்னொருவர் மூட்டைக்கும் விலை எழுதிக் கொடுத்த கொட்டேஷன் மாதிரிதான். ஒரே கிண்ணத்தை மாட்டிப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தூரத்தின் கணக்கும் உண்டு. விளக்கை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு.

இரண்டாம் பத்தி, நிறம். பகல் வெளிச்சத்தை 5600 கெல்வின் என்றும், பழைய ஸ்டூடியோ பல்பின் மஞ்சள் வெளிச்சத்தை 3200 கெல்வின் என்றும் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே 5600 விளக்குகள். ஆனால் அது மட்டும் போதாது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல விளக்கு. அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சுதான் வெள்ளையாகக் காட்டுகிறது. பூச்சு மட்டமாக இருந்தால் சிவப்பு குறைந்துபோகும். பெட்டியில் போட்டிருக்கும் சி.ஆர்.ஐ. என்ற மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது. ஆர்9 என்று பெயர். அது சராசரியில் சேராது. சராசரியில் தேறிவிட்டு ஒரு பாடத்தில் தோற்கும் மாணவனைப் போல.

இதைச் சோதிக்க அத்தையின் அரக்குப் பட்டுப் புடவையையே எடுத்தோம். ஜன்னலோரம் ஒரு படம், ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு படம். மலிவான விளக்கில் அரக்கு பழைய செங்கல் நிறமாகிவிட்டது. பேரன் தன் முகத்தைக் காட்டினான். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. நம் மாநிறத்துக்கு அந்தச் சிவப்பு அவசியம். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் முகத்தில் பவுடரை அப்பி வெளுப்பாக்கித்தான் படமெடுத்தார்கள். அத்தையின் முகம் அத்தையின் நிறத்தில்தான் இருக்க வேண்டும். மலிவு விளக்கு இங்கேயே தள்ளுபடி.

மூன்றாம் பத்தி, சத்தம். சூடு குறைவென்றாலும் 200 வாட் விளக்குக்கு உள்ளே விசிறி உண்டு. பேசுகிறவர் மெதுவாகப் பேசினால் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். விலை அதிகமான விளக்கில் விசிறியை அடக்கிவைக்க ஒரு வசதி இருந்தது. அப்படிச் செய்தால் வெளிச்சமும் கொஞ்சம் குறையும். மலிவானது ஓயாமல் இரைந்தது.

நான்காம் பத்தி, துடிப்பு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கைப்பேசியின் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் போதும். மட்டமான விளக்கில் பட்டை பட்டையாக ஓடும். இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை.

ஐந்தாம் பத்தி, பேட்டரி. கரண்ட் போனால் என்ன செய்வது? 99 வாட்-மணி பேட்டரியில் 200 வாட் விளக்கு அரை மணி நேரம்கூட முழுதாக எரியாது. பாதி வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கையோடு கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால்தான் 99-இல் செய்கிறார்கள்.

பட்டியலின் கீழே நான் எழுதிய குறிப்பு: 'விலை அதிகமானதையே வாங்கலாம். முகத்தில் நேராக அடிப்பதற்காக அல்ல.' சக்தி வாய்ந்த விளக்கை வாங்குவதே அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியை வீணடிப்பதற்காகத்தான் என்று இந்தச் சோதனையில் எனக்குப் புரிந்தது. வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது ஜன்னல் வெளிச்சம் போல மெத்தென்று வந்து விழும். சின்ன விளக்கில் அப்படி வீணடிக்க எதுவும் இருக்காது.

அத்தை அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விளக்கு அவருக்குப் பின்பக்கம் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றது. "லைட்டுப் போட்டாச்சா தம்பி? கண்ணக் குத்தவே இல்லியே" என்றார். கொடி இறங்கிய நாளைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வரியில் முடித்துவிட்டார். பிறகு அவராகவே, அல்ஜீரியாவிலிருந்து மூன்று மாதம் கடிதம் வராத ஒரு மழைக்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் மாமியார் பார்க்காமல் கதவருகே போய் நின்றதைச் சொன்னார். 40 நிமிடம். இதை அவர் மகளே கேட்டதில்லையாம். ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் 85, 90 வயதில் ஒருவர் இருப்பார். விளக்கு வாங்க வசதி இல்லையென்றால் பரவாயில்லை. காலை ஒன்பது மணிக்கு வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நாற்காலி போடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசாதீர்கள்.