மிளகளவு உயிர்கள்

நாய், கிளி, முயல் ஆகியவற்றை வளர்ப்போரை எவரும் வியந்து நோக்குவதில்லை. நத்தைக் குஞ்சுகளை வளர்க்கிறோம் என்று நாங்கள் சொன்னால் மட்டும், கேட்பவர் ஒரு கணம் எங்கள் முகத்தை உற்றுப் பார்க்கிறார். பப்பாளி நாற்றை இரவோடிரவாக மழித்துவிடும் ஆப்பிரிக்க நத்தைக்கா இத்தனை பணிவிடை என்று எதிர்வீட்டு அம்மையார் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மழைக்கால மாலைகளில் கையில் உப்புக் கிண்ணத்துடன் தம் தோட்டத்தைச் சுற்றிவருபவர் அவர்.

சென்ற ஐப்பசி மழையின்போது, கறிவேப்பிலைச் செடியடியில் மண்ணைக் கிளறிய எங்கள் பேத்தி, மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் மிளகளவே இருந்த முட்டைகளைக் கண்டாள். எண்ணத் தொடங்கிய நாங்கள், நூற்றெண்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டோம். ஒரே தடவையில் 200க்கு மேலும் முட்டையிடக்கூடிய இனம் இது. 1847ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆய்வாளர் மொரிசியசிலிருந்து கொணர்ந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதே இந்நாட்டில் இதன் தொடக்கம் என்பர். அவருக்கும் அது ஓர் ஆசையாகத்தான் இருந்திருக்கும். இன்றோ இது தின்னும் தாவர வகைகள் 500க்குக் குறையாதவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எனவே எப்படி வளர்ப்பது என்பதற்கு முன், எத்தனையை வளர்ப்பது என்ற கேள்வி வந்து நின்றது. 12 முட்டைகளை மட்டும் ஒதுக்கினோம். எஞ்சியவற்றை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பனி உறையும் அறையில் இரண்டு நாள் வைத்தோம். (மீனுக்கு அடுத்தா வைப்பது என்று எங்களுள் ஒருவர் முகம் சுளித்தது உண்மை.) முட்டைக்குள் நத்தை உருப்பெறுமுன் செய்யவேண்டிய வேலை அது. பொரித்து ஊரத் தொடங்கியபின் நமக்கு மனம் வராது.

பேத்தி தடுக்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டாள்: "தாத்தா, எந்தப் பன்னிரண்டு இருக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க?" கரண்டியில் முதலில் ஏறியவை அவை, அதற்குமேல் காரணம் ஏதுமில்லை. அதையே சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. ஆறுதலாக எதையேனும் கற்பித்துச் சொல்ல எங்களுக்கும் மனம் இடந்தரவில்லை. தோட்டத்தில் விட்டால் எங்கேனும் பிழைத்துப் போகட்டுமே என்பது இரக்கம்போலவே தோன்றும். அதற்கு விலை கொடுப்பவரோ நாற்று நட்ட வேறொருவர்.

ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஒன்பது பொரித்தன. பொரித்தவுடன் அவை மேலே வருவதில்லை. தம் முட்டையோட்டையே முதல் உணவாகத் தின்றுகொண்டு, பல நாள் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. நாள்தோறும் தோண்டிப் பார்க்கத் துடித்த சிறு கைகளைத் தடுப்பதே அந்நாள்களில் எங்கள் பெரும்பணியாயிற்று. அப்பருவத்து ஓடு கண்ணாடிபோல் மெல்லியது. உள்ளே இருப்பதே நிழலாகத் தெரியும். விரலால் பற்றினால் நொறுங்கும். இடம் மாற்ற வேண்டின், ஓர் ஈர இலையை முன்னே நீட்டி, தானாக ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதன் அவசரம் நம் அவசரம் அன்று.

அடியில் நான்கு விரற்கடை ஈரமண்ணும் தென்னைநார்த் தூளும் இட்ட பிளாஸ்டிக் டப்பாவே அவற்றின் வீடு. மூடியில் துளை வேண்டும். ஆனால் குண்டூசியளவே வேண்டும், குஞ்சு வியக்கத்தக்க இடுக்குகளில் நுழைந்துவிடும். துணி தேய்க்கையில் நீர் தெளிக்கும் குப்பியால் மாலைதோறும் தெளிக்கிறோம். மண் நொசநொசத்துத் தேங்கலாகாது. வறண்டாலோ குஞ்சு ஓட்டின் வாயை மெல்லிய ஏடு ஒன்றால் அடைத்துக்கொண்டு உறங்கிவிடும். வெள்ளரித் துண்டும் முட்டைக்கோஸ் இலையும் நன்கு கழுவித் தருகிறோம். பாலக் கீரையை அடிக்கடி தருவதில்லை. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்ளும்.

அச்சத்து குறைந்தால் ஓடு வளராது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓட்டைத் தருவார்கள். அதில் ஒரு துண்டு எப்போதும் டப்பாவில் கிடக்கிறது. இரவில் விளக்கணைத்துக் காதை வைத்துக் கேட்டால், அதனை அவை அராவும் ஒலி மெல்லக் கேட்கும். பேத்தியின் கண்டுபிடிப்பு அது. வெளியில் திரியும் நத்தைகளில், எலியிடமிருந்து வந்து மனிதரின் மூளையுறையைத் தாக்கக்கூடிய ஒருவகைப் புழு இருப்பதுண்டு. இவை வீட்டில் பொரித்தவையே எனினும், தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவும் விதியில் எங்கள் வீட்டில் தளர்வில்லை.

ஆறு திங்கள் அளவில் இவையும் முட்டையிடும் பருவம் எய்தும். ஆண் பெண் என்ற பிரிவும் இவற்றுக்கு இல்லை. ஒருமுறை கூடியது பல மாதங்கள் கழிந்தும் முட்டையிடும். ஆதலின் சனிக்கிழமைதோறும் மண்ணை அடிவரை கிளறிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஊருக்குச் செல்லும் நாள்களில் டப்பாவை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல். எதிர்வீட்டுப் பாட்டியிடமே கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள் பேத்தி.