முழுச் சட்டகம்

இலக்கிய மலரில் காமிராவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். கவிதைக்கும் கட்டுரைக்கும் நடுவே இயந்திரத்துக்கு என்ன வேலை என்பது அவர் ஐயம். ஊரில் இருப்பவர்களுக்குத் திண்ணையும் முற்றமும் இருக்கின்றன. குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் படங்கள்தாம் உண்டு. அவற்றை எடுத்த கருவிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் குறைந்துவிடாது.

2016ஆம் ஆண்டு ஏழாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்னும் காமிராக் கடைத் தெருவில் ஒருவர் பயன்படுத்தி விற்ற நிகான் டி 700 ஒன்றை வாங்கினேன். வீட்டில் எழுந்த எதிர்ப்பை இங்கு விவரிப்பது உசிதமன்று. 2008இல் வெளிவந்து, நான் வாங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உற்பத்தி நின்றுபோன கருவி அது. லென்ஸும் பாட்டரியும் நீங்கலாகவே ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம்தான் குறைவு. விழா முடிந்து வீடு திரும்புகையில் தோள் அதை நன்றாகவே உணரும்.

அதை ‘முழுச் சட்டகக்’ காமிரா என்பர். பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1913 வாக்கில் ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பார் திரைப்படச் சுருளைச் சிறு காமிராவில் இட்டு, சினிமாச் சட்டகம் இரண்டை ஒன்றாக்கி, 36க்கு 24 மில்லிமீட்டர் அளவில் படம் பிடித்தார். 1925இல் அது லைகா என்று விற்பனைக்கு வந்தது. நம் பெற்றோர் திருமண ஆல்பங்கள் பலவற்றின் நெகடிவும் அந்த அளவுதான். டிஜிட்டல் காலம் வந்தபோது அவ்வளவு பெரிய ஒளியுணரியைச் செய்வது பெருஞ்செலவு என்பதால், பெரும்பாலான காமிராக்களில் அதில் பாதிப் பரப்புக்கும் குறைவானதையே வைத்தார்கள். டி 700இன் உணரி 36க்கு 23.9 மில்லிமீட்டர், பழைய நெகடிவின் அளவேதான்.

படத்தை ஆக்கும் புள்ளிகள் இதில் ஏறத்தாழ 1 கோடியே 21 லட்சம். சிறிய உணரியுடைய அக்காலக் காமிராக்களிலும் எண்ணிக்கை ஏறக்குறைய அதுவே. வேறுபாடு ஒவ்வொரு புள்ளியின் பரப்பில்தான். முற்றத்து மழையைப் பிடிக்க அண்டாவை வைப்பதற்கும் சொம்பை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மழை வலுத்தால் எதுவும் நிரம்பிவிடும். தூறலில்தான் அண்டாவின் அருமை தெரியும். 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எட்டில் ஒரு விநாடி தேவைப்படும் மங்கிய வெளிச்சத்தில், இதை 6400இல் வைத்தால் ஏறத்தாழ 125இல் ஒரு விநாடி போதும். கை நடுக்கமும் குழந்தையின் துள்ளலும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த அருமையை எனக்கு முழுதும் உணர்த்தியது சரோஜினி நகர். மூத்தவர்கள் விநய் நகர் என்று சொல்வார்களே, அதுதான். அதையும் நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலியவற்றையும் சேர்த்து ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. வேப்ப மரமும் துளசித் தொட்டியும், வாசலில் நாள் தவறாத கோலமுமாக நம்மவர் வாழ்ந்த வீடுகள் அவை. ஒருவருக்கும் சொந்தமில்லை, ஆதலால் காலி செய்யும்போது அழுவதற்குக்கூட நியாயமில்லாத வீடுகள். 2017 டிசம்பரில் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றையும் அதனதன் வாசலிலேயே நிறுத்திப் படமெடுத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்றால் அதற்குள் லாரி வந்துவிடும். அலுவலகம் விட்டு எல்லாரும் வந்து சேர ஆறு மணி. தில்லி டிசம்பரில் அது இரவு. ஃபிளாஷ் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டால் முகங்கள் மட்டும் வெளுத்துத் தெரியும். பின்னாலுள்ள வீடு இருளில் மறைந்துவிடும். எனக்கு வேண்டியதோ அந்த வீடு. வராந்தா டியூப் லைட்டையும் தெருவிளக்கையும் மட்டுமே நம்பி எடுத்தேன். லென்ஸ், முன்பு நம் விழாக்களையெல்லாம் ஃபிலிமில் படமெடுத்த பெரியவர் ஒருவர் தந்த பழைய 50 மில்லிமீட்டர். நிகான் நிறுவனம் 1959இல் வகுத்த லென்ஸ் பொருத்தியை இந்தக் காமிராவிலும் விடாமல் வைத்திருந்ததால் அது கச்சிதமாகப் பொருந்தியது. தானாகக் குவியாது, கையால் திருப்ப வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. அதே 2008இல் வந்த கானன் 5டி மார்க் 2 இரண்டு கோடிப் புள்ளிகளுக்கு மேல் கொண்டிருந்ததுடன் அசையும் படமும் எடுத்தது. இதில் அவ்வசதியே இல்லை. இன்று கைபேசியே பல படங்களை நொடியில் ஒன்றாகக் கோத்து இருட்டை வென்றுவிடுகிறது. அசையாத கோபுரத்துக்கு அது போதும். ஓடிவரும் பேரனுக்குப் போதாது என்பது என் கட்சி. கண் வைத்துப் பார்க்கும் காட்சிக் கண்ணாடியைத்தான் விமர்சகர்கள் அதிகம் குறைகூறினார்கள். அகலத்திலும் உயரத்திலும் 95 விழுக்காடே அதில் தெரியும். பரப்பில் பத்தில் ஒரு பங்கு கண்ணுக்குப் படாமலே படத்தில் பதிந்துவிடும்.

அப்படிப் பதிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மகன், மருமகள், இரு பேரக் குழந்தைகள் எல்லாரும் நின்றார்கள். மாமி மட்டும் வரவில்லை.

“நீங்களும் வாங்கோ மாமி” என்றேன்.

“நான் எதுக்குப்பா? மாமா இருந்தப்பவே படத்துக்கு நின்னதில்லே. குழந்தைகளை எடு” என்று ஒதுங்கிப் போனார்.

இரவு கணிப்பொறியில் பார்த்தபோது படத்தின் இடது ஓரத்தில் மாமி இருந்தார். துளசித் தொட்டியருகே, சுவரில் ஒரு கையை ஊன்றி, காமிராவைப் பாராமல் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு. குவியத்துக்குச் சற்று வெளியேதான்; ஆயினும் முகம் தெரிந்தது.

2019இல் மாமி காலமான பின் மகன் தொலைபேசியில் அழைத்தார். அச்சுக் கடையில் வழக்கமான 10க்கு 8 அங்குலச் சட்டத்துக்காக இருபுறமும் வெட்டிக் கொடுத்துவிட்டார்களாம். “அம்மா வெளியே போயிட்டா, சார்” என்றார். 12க்கு 8 அளவில், ஓரம் வெட்டாமல் முழுப்படமாக அச்சிட்டு, அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.