உப்புக் கரிக்கும் பிள்ளை

வழக்கமா இந்தப் பக்கத்துல சுருளி அருவி, பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு, பன்னீர் திராட்சை விலைன்னு ஏதாச்சும் மொக்கை போட்டுக்கிட்டு இருப்பேன். இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ். நீளமாவும் இருக்கும். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்களே.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு நோய். உடம்புல ஒரு மரபணு வேலை செய்யாததால நுரையீரல், கணையம் ரெண்டுலயும் சளி பிசின் மாதிரி கெட்டியாகி அடைச்சுக்கும். "வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய், நம்ம ஊர்ல கிடையாது"ன்னுதான் ரொம்ப காலம் நம்ம டாக்டர்களே நினைச்சிருக்காங்க. இந்தியக் குழந்தைகள்கிட்ட இருக்குன்னு 1968-லயே மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டாங்க. ஆனா அந்தச் செய்தி கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர எங்க வீட்டுல ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்துச்சு. என் அக்கா மகன். எனக்கு மருமகன் முறை. பேரு வேண்டாம், தம்பின்னே வச்சுக்குவோம்.

தம்பி பிறந்தது 2012. பாலுக்கு அழுவான், சோத்துக்கு அழுவான், கொடுத்ததை எல்லாம் சாப்பிடுவான். உடம்புல ஒட்டாது. வயிறு மட்டும் உப்பி, கை காலு குச்சி மாதிரி. மலம் எண்ணெய்ப் பிசுக்கா, நாத்தம் தாங்க முடியாது. இருமல் நிக்கவே நிக்காது. சின்னமனூர்ல இருக்கிற எங்க அத்தை (அதாவது தம்பிக்கு அப்பத்தா) "கணைடா இது"ன்னு நாட்டு மருந்து அரைச்சுக் கொடுத்துச்சு. எங்கம்மா தாயத்து கட்டுச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை. தீர்ந்ததும் மறுபடியும் ஆறு மாசம். எடை மட்டும் ஏறவே இல்ல.

இதுக்கு நடுவுல எங்கம்மா ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. "இவனை முத்தினா உப்புக் கரிக்குதுடா." யாரும் கண்டுக்கல. வேர்த்த பிள்ளை உப்புக் கரிக்காம சர்க்கரையாவா இருக்கும்னு நினைச்சுக்கிட்டோம். நெத்தியில முத்தினா உப்புக் கரிக்கிற பிள்ளை தங்காதுன்னு ஐரோப்பாவுல பழைய நம்பிக்கையே உண்டாம். அந்த ஊர்க் கிழவிகளும் எங்கம்மாவும் ஒரே பாடத்தைத்தான் படிச்சிருக்காங்க.

2014 மே மாசம். வீரபாண்டி சித்திரைத் திருவிழா சமயம். நம்ம பக்கத்து வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வாந்தி இல்ல, பேதி இல்ல, பிள்ளை அப்படியே துவண்டு போச்சு. கண்ணு சொருகிருச்சு. பள்ளத்தாக்குலயே இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டூட்டியில இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாமே தரைமட்டம். சலைன் ஏத்தி பிள்ளையைத் திருப்பிக் கொண்டாந்த பிறகு அந்தம்மா கேட்ட கேள்விதான் எங்க வாழ்க்கையை மாத்துச்சு.

"வாந்தியும் இல்ல, பேதியும் இல்லைங்கிறீங்க. அப்போ இவ்வளவு உப்பு எந்த வழியாப் போச்சு?"

அக்கா சொல்லுச்சு: "வேர்வைதாங்க டாக்டர். எங்கம்மா எப்பவுமே சொல்லும், பிள்ளை உப்புக் கரிக்கிறான்னு."

அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டு, "வேலூர் போங்க. வேர்வை டெஸ்ட் எடுக்கணும்"னாங்க.

அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இது. 1938-ல டோரதி ஆண்டர்சன்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மாதான் இந்த நோயைத் தனியாப் பிரிச்சு எழுதினாங்க. 1948 கோடையில நியூயார்க்குல கடுமையான வெயில். உப்பு வத்திப் போய் துவண்டு வந்த குழந்தைகள்ல நிறைய பேருக்கு இந்த நோய் இருக்கிறதை டி சான்ட் ஆக்னீஸ்னு ஒரு டாக்டர் கவனிச்சார். வேர்வையில உப்பு அதிகமாப் போகுதுன்னு 1953-ல அவரும் கூட இருந்தவங்களும் எழுதினாங்க. மத்தவங்களுக்கு வேர்வை தோலுக்கு வர்ற வழியிலேயே உப்பை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்காது. நியூயார்க்குக்கு அது ஒரு கோடை. நமக்கு வருஷத்துல பாதி அதுதானே! வெயில் ஊர்ல இந்த நோய் சளியாத் தெரியிறதுக்கு முன்னாடி உப்பு வத்திப் போறதாவே தெரியலாம். இதுக்கு சூடோ பார்ட்டர்னு பேரு கூட வச்சிருக்காங்க.

வேலூருக்குக் கிளம்பினோம். அப்போ தேனிக்கு ரயில் கிடையாது. 2010 கடைசியில மீட்டர்கேஜை நிறுத்தினது, தேனிக்கு அகல ரயில் வர 2022 ஆச்சு. மதுரை போய், அங்கிருந்து ராத்திரி பூரா பஸ். அக்கா மடியில தம்பி, என் மடியில ரிப்போர்ட் நிறைஞ்ச மஞ்சப்பை. மச்சான் வழி நெடுக ஒரு வார்த்தை பேசல. (இப்போ போடியிலிருந்து கிளம்புற சென்னை ரயில் காட்பாடி வழியாத்தான் போகுது. வாரத்துல மூணு நாள்தான். இருந்தாலும் புண்ணியம்.)

சி.எம்.சி. இருக்கிற தெருவுல இறங்கினா நம்ம ஊரா வங்காளமான்னு சந்தேகம் வரும். லாட்ஜ், ஓட்டல், மருந்துக்கடை போர்டு எல்லாம் வங்காளி எழுத்து. மீன் குழம்பு வாசனை வேற. ஊரே நோயாளியும் கூட வந்தவங்களுமாத்தான் இருக்கும். எப்படியோ அதுவே ஒரு தைரியம் கொடுத்துச்சு.

வேர்வை டெஸ்ட்டுன்னதும் வெயில்ல ஓட விடுவாங்களோன்னு பயந்தோம். அப்படி இல்ல. முன்கையில பைலோகார்பைன்னு ஒரு மருந்தை வச்சு லேசா மின்சாரம் விடுவாங்க. ஊசி கிடையாது, சுருக்குனு கூட இருக்காது, எறும்பு ஊர்ற மாதிரிதான். அந்த இடம் மட்டும் வேர்க்கும். அரை மணி நேரம் சேகரிச்சு குளோரைடு எவ்வளவுன்னு பார்ப்பாங்க. 60-ம் அதுக்கு மேலயும் வந்தா நோய்தான்னு அர்த்தம். 30-க்குக் கீழன்னா பெரும்பாலும் இல்ல. 1959-ல கிப்சன், குக்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச முறை. நம்ம டெல்லி எய்ம்ஸ்காரங்க இதுக்கு உள்ளூர்லயே கருவி செஞ்சு 2002-ல எழுதியிருக்காங்க. அதாவது இது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. யாராவது ஒருத்தர் சந்தேகப்பட்டாப் போதும்.

தம்பிக்கு நூறைத் தாண்டிருச்சு.

அப்புறம் அட்மிஷன். சளியைச் சோதிச்சதுல சூடோமோனாஸ்னு ஒரு கிருமி. இந்த நோய்க்காரங்க நுரையீரல்ல குடியேறிட்டா லேசுல காலி பண்ணாது. அதனால ரெண்டு ஆன்டிபயாட்டிக், நரம்பு வழியா, பதினாலு நாள். முதல் மூணு நாள்தான் நரகம். சின்னக் கை, நரம்பு கிடைக்காது, ஊசியைப் பார்த்தாலே கத்துவான். அக்கா பிடிச்சுக்க முடியாம வராந்தாவுக்கு ஓடிரும். நான்தான் பிடிச்சுக்குவேன். "மாமா வேணாம் மாமா"ன்னு என்னையே பார்த்துச் சொல்லுவான். இன்னிக்கும் காதுல கேக்குது.

நாலாவது நாள்ல இருந்து அந்த வார்டு எங்களுக்குப் பள்ளிக்கூடமா மாறிருச்சு. முதல்ல உப்புத் தண்ணியை நெபுலைசர்ல புகையா இழுக்கணும். அப்புறம் பிள்ளையைக் குப்புற, ஒருக்களிச்சு, சாய்ச்சுப் படுக்க வச்சு, உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவிச்சு முதுகுல தட்டணும். தட்டுற சத்தம் டொப்பு டொப்புன்னு வரணும், பட்டுன்னு வந்தா அது அடி. பிசியோதெரபி சொல்லிக் கொடுத்தவர் மச்சான் கையைப் பிடிச்சு, "நீங்கதான் நல்லாச் செய்றீங்க"ன்னார். அதுவரைக்கும் ஓரமா நின்னுக்கிட்டிருந்த மனுஷன், அன்னிக்குத்தான் பிள்ளை பக்கத்துல நெருங்கி வந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னாடி என்சைம் மாத்திரை. கேப்சூலைப் பிரிச்சு உள்ள இருக்கிற மணிகளைக் கொஞ்சம் பழக்கூழ்ல போட்டு, மெல்லாம முழுங்க வைக்கணும். கணையத்துல இருந்து வர வேண்டியது வராததால, வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். அஞ்சே நாள்ல மலத்துல பிசுக்கு குறைஞ்சுச்சு. பதினாலாம் நாள் எடை ஏறியிருந்துச்சு! அக்கா அந்த எடை மிஷின் பக்கத்துலயே உட்கார்ந்து அழுதுருச்சு.

டயட் சொல்ல வந்தவங்க பேசினதைக் கேட்டு எங்கம்மா மயங்காத குறைதான். "நெய் ஊத்துங்க, முட்டை கொடுங்க, வேர்க்கடலை கொடுங்க, உப்பு தாராளமாப் போடுங்க." ரெண்டு வருஷமா சளி பிடிக்கும்னு எண்ணெய், நெய் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருந்த குடும்பம் நாங்க! இப்போ தம்பிக்கு உப்புப் போட்ட மோர், நார்த்தங்காய் ஊறுகாய், மாங்காய்ல உப்பு தடவினது எல்லாமே மருந்துக் கணக்குதான். அவனோட வயசுப் பையன்க பொறாமைப்படுறாங்க :)

ஒண்ணு மட்டும் மறக்க முடியல. அதே வார்டுல இன்னொரு பையன். வங்காளத்துப் பிள்ளை, இதே நோய். உலகத்துலயே எங்களை மாதிரி இன்னொரு குடும்பத்தை அன்னிக்குத்தான் பார்த்தோம். அக்கா சந்தோஷமா தம்பியைத் தூக்கிட்டு அந்தக் கட்டிலுக்குப் போச்சு. சிஸ்டர் வேகமா வந்து தடுத்துட்டாங்க. இந்த நோய் இருக்கிற ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாதாம். ஒருத்தர் நுரையீரல்ல இருக்கிற கிருமி மத்தவருக்குத் தொத்தி, ரெண்டு பேருக்குமே மோசமாயிரும். மத்த நோய்க்காரங்க ஒண்ணாச் சேர்ந்து தைரியம் சொல்லிக்கலாம். இவங்களுக்கு அதுவும் கிடையாது. கடைசியில பிள்ளைகளைக் கட்டில்ல விட்டுட்டு ரெண்டு அம்மாக்களும் தண்ணி பிடிக்கிற இடத்துல சந்திச்சுக்குவாங்க. இதுக்குத் தமிழ் மட்டும், அதுக்கு வங்காளி மட்டும். கைஜாடையில மலம், எடை, இருமல் எல்லாம் பேசினாங்க. பதினாலு நாள்ல எங்கக்கா நல்லா சிரிச்சது அந்தக் குழாயடியிலதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி எங்களை உட்கார வச்சு மரபணு கதையைச் சொன்னாங்க. அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சது 1989-ல. அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டுமே பழுதா வந்தாத்தான் நோய். ஒண்ணு மட்டும் பழுதுன்னா ஒண்ணும் தெரியாது, நூறு வயசு வரை இருக்கலாம். பெத்தவங்க ரெண்டு பேரும் அப்படி இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. "நீங்க சொந்தமா?"ன்னு டாக்டர் கேட்டார். மச்சான் எங்க அத்தை மகன். தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான் நடக்குது. எங்க வீட்டுலயும் அதுதான் வழக்கம்.

ஊருக்குத் திரும்பினதும் பெரிய பிரச்சினை அங்கதான் காத்திருந்துச்சு. என் தங்கச்சியை மச்சானோட தம்பிக்குன்னு பேசி வச்சிருந்தாங்க. அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு விரும்பவும் செஞ்சுச்சு. டெஸ்ட் எடுக்கணும்னு நான் வாயைத் திறந்ததும் அத்தை கத்துச்சு: "என் ரத்தத்துல குறையாடா? உங்கப்பனும் நானும் ஒரே வயித்துல பிறந்தவங்கதானே?" அத்தை, அதேதான் பிரச்சினைன்னு எப்படிச் சொல்றது? மூணு மாசம் பேச்சு வார்த்தை இல்ல.

கடைசியில தங்கச்சியே முடிவெடுத்துச்சு. "எடுத்துட்டு வேண்டாம்னு ஆனா அழுதுட்டுப் போறேண்ணே. எடுக்காமக் கட்டிக்கிட்டு தெனம் பிள்ளை நெத்தியை நக்கிப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது." தம்பியோட பழுது என்னன்னு தெரிஞ்சிருந்ததால எங்களுக்குச் சோதிக்கிறது சுலபமாச்சு. எனக்கு ஒண்ணு இருக்கு. தங்கச்சிக்கும் ஒண்ணு. மாப்பிள்ளைக்கு இல்ல. இந்த நோயைப் பொறுத்தவரை பயமில்லைன்னு டாக்டர் சொன்னார். சொந்தத்துல வேற பழுதுகளும் சேரலாம்ங்கிறதையும் மறைக்காம சொன்னார். கல்யாணம் நடந்துச்சு. அக்கா மறுபடி உண்டானப்போ மூணாம் மாசத்துக்குள்ளயே சோதிச்சுப் பார்த்தோம். (ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டாங்க, அது சட்டப்படி குத்தம். நோய் இருக்கா இல்லையான்னு மட்டும்தான்.) நோய் இல்ல. அந்தக் குட்டிதான் இப்போ வீட்டையே ஆட்டி வைக்குது.

தம்பி இப்போ பதின்ம வயசுல இருக்கான். வெள்ளென எந்திரிச்சு புகை, தட்டல், மாத்திரை, அப்புறம்தான் பள்ளிக்கூடம். நடுவுல ரெண்டு தடவை அட்மிட் ஆனான். 2019-ல அமெரிக்காவுல ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தாங்க. மூணு மருந்து சேர்ந்த மாத்திரை, நோயோட மூலத்துலயே வேலை செய்யுது. அங்க அதோட விலை வருஷத்துக்கு மூணு லட்சம் டாலருக்கு மேல. எல்லா வகைப் பழுதுக்கும் கேட்காது. தம்பி அதைப் பத்தி எல்லாம் படிச்சு வச்சிருக்கான், எங்களைவிட அதிகமா. "விலை குறையிற வரைக்கும் நீங்க தட்டிக்கிட்டே இருங்கப்பா"ன்னு மச்சான்கிட்ட சொல்றான்.

முதல் தடவை ஆஸ்பத்திரியில தங்கப் போற குடும்பத்துக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். பழைய ரிப்போர்ட் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போங்க. முதல் மூணு நாளைப் பல்லைக் கடிச்சுத் தாண்டிருங்க. தட்டுறதை வீட்டுல ரெண்டு மூணு பேராவது கத்துக்கிட்டு வாங்க, ஒரு ஆளு கையால முடியாது. அப்பாக்களை ஓரமா நிக்க விடாதீங்க.

அப்புறம், நல்லா சாப்பிட்டும் தேறாத, இருமல் விடாத, வெயில்ல துவண்டு போற பிள்ளை உங்க தெருவுல இருந்தா, அந்த வீட்டு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, முத்தினா எப்படி இருக்குன்னு. ஆச்சிகளுக்குத் தெரிஞ்சிருக்கும். நாமதான் கேட்டிருக்க மாட்டோம்.