ரெண்டு கட்டில், ஒரு இடுக்கு

ஆடி மாசம் வந்தா எங்க அந்தியூர்ல வீட்டுக்கு வீடு பாய், தலகாணிக்குப் பஞ்சம்தான். குருநாதசாமி கோயில் திருவிழா, குதிரைச் சந்தைன்னு ஒறம்பரை வந்து எறங்கிடும். இந்த வாட்டி அக்காவும் வந்திருந்தா, அஞ்சு மாசக் குழந்தையோட.

"ரெண்டு கட்டிலையும் சேத்துப் போட்டுரு கண்ணு. நானு, அக்கா, நடுவுல பாப்பா" இது அம்மாவோட ஆர்டர். கணக்கு என்னமோ சரிதான். 3 அடி அகலத்துல ரெண்டு மரக்கட்டில் சேந்தா 6 அடி. கடையில கிங் சைஸ்னு விக்கிறாங்களே, அதே அகலம். செலவு பூஜ்ஜியம் :-)

சிக்கல் அந்த நடு இடுக்குல இருக்கு. டைல்ஸ் தரையில ராத்திரி ஒருத்தர் பொரண்டா போதும், கட்டில் நகர ஆரம்பிச்சிடும். அப்பா கயித்தால காலைக் கட்டிடலாம்னார். கயிறு ரெண்டு நாள்ல தளர்ந்துடும். அதனால காலுக்குக் கால் துளை போட்டு, தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணுன்னு 6 அங்குல போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கினேன். கால் கொஞ்சம் வெளிய துருத்திட்டு இருந்ததால சட்டத்துக்கு நடுவுல அரை அங்குல சந்து வந்துச்சு. அதுல ஒரு ரீப்பரை அடிச்சாச்சு.

அடுத்தது மெத்தை. ரெண்டு இலவம்பஞ்சு மெத்தையும் 6க்கு 3. நீளவாக்குல போட்டா கட்டில் இடுக்கு மேலயே மெத்தை இடுக்கும் வரும், நடுவுல படுக்கிற ஆள் மொத்தமா பள்ளத்துல எறங்கிடுவார். அதையே குறுக்கால திருப்பிப் போட்டா அளவு அப்படியே பொருந்தும், இடுப்புக்குக் கீழ ஒரு கோடு மட்டும்தான் வரும். மேல ஒரு பவானி ஜமக்காளத்தை விரிச்சா அந்தக் கோடும் பெருசா தெரியாது. (2005-06ல புவிசார் குறியீடு வாங்கின ஜமக்காளமாக்கும்!)

பெரியவங்களுக்கு இது போதும். கைக்குழந்தைக்குப் போதாது. தானா பொரண்டு வெளிய வரத் தெரியாத வயசு. முகம் இடுக்குல மாட்டினா மூச்சு முட்டிடும், அழற சத்தம்கூட வராது. குழந்தைக்குத் தனியா, கெட்டியான, சமதளமான படுக்கை வேணும், அது பெத்தவங்க ரூமுலயே இருக்கலாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் சொல்லுது.

இதை அம்மாகிட்ட சொன்னா? "உங்களையெல்லாம் நடுவுல போட்டுத்தான வளத்தேன்"னாங்க. அவங்க வளத்தது தரையில, ஒரே பாயில. அதுல இடுக்கு ஏது?

வாதம் பண்ணல. அக்காவை மெத்தை ஓரத்துல உக்காரச் சொல்லிட்டு, ஜமக்காளத்தைத் தூக்கி நடுக்கோட்டுல கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் உள்ள போச்சு. அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போய், பாப்பாவோட சின்ன மெத்தையை எடுத்துட்டு வந்து, அக்கா படுக்கிற பக்கமா, கட்டில்ல இருந்து கொஞ்சம் தள்ளித் தரையில போட்டாங்க. சுத்தி வெச்சிருந்த தலகாணியை மட்டும் நான் எடுத்துட்டேன், அதுவும் மூச்சை அடைக்கும்.

கட்டிலை ஒண்ணு சேக்கிறவங்க, படுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா அந்த இடுக்குல கையை விட்டுப் பாருங்க மக்களே.

திருவிழா முடிஞ்சதும் போல்ட்டைக் கழட்ட ஸ்பேனரை எடுத்தேன். "இருக்கட்டும் சாமி, அடுத்த வாரம் பெரியம்மா வர்றாங்க"ன்னுட்டாங்க.