சரயேவோவில் ஒரு சிறு குடித்தனம்

அயல்நாட்டு வாழ்க்கை என்றதும் நம் சமூகத்தாரின் உள்ளத்தில் முதலில் தோன்றுவது பொருளீட்டும் எண்ணமே. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய பாட்டன்மார் காலந்தொட்டு, வளைகுடாவுக்கு விமானமேறும் பேரர் காலம்வரை, போவது ஆண்மகன், ஊரில் இருப்பது குடும்பம், மாதந்தோறும் வருவது பணம் என்பதே நாம் கண்ட வழக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்று, அங்கே ஒரு காசும் ஈட்டாமல், கையிலிருக்கும் சிறு வருவாயைக் கொண்டு ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் குடித்தனம் நடத்துவது நம்மவருக்குப் புதுமை. “அது நம்மைப் போன்ற ஆசிரியருக்குக் கட்டுமா?” என்று வினவியோர் பலர். அவர்களுக்கு விடை கூறும் முகத்தான் இதனை எழுதப் புகுந்தோம்.

நாமும் நம் இல்லாளும் 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 2024 ஆம் ஆண்டு ஜூலை வரை பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் வாழ்ந்தோம். கற்பிக்கும் பணியிலிருந்து விடுப்புப் பெற்று, அங்குள்ள பழைய அரபுச் சுவடிகளைப் படிக்க வேண்டும் என்னும் நெடுநாள் ஆவலே நம்மை அங்கு ஈர்த்தது. ஊரிலிருந்த வீட்டு வாடகையும், பல்லாண்டுகள் சேர்த்த சிறு தொகையுமே நம் மூலதனம். அந்நகரம் மிகச் சிறியது. 2013 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 2,75,000 தான். இருபுறமும் மலைகள், நடுவே மில்யாட்ஸ்கா என்னும் சிற்றாறு, சரிவுகளில் அடுக்கடுக்காக ஓட்டு வீடுகளும் மெல்லிய மினாராக்களும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயர் ‘மஹாலா’. நம் தெருக்களில் ‘மஹல்லா’ என்று வழங்கும் அதே அரபுச் சொல்தான் அது. அச்சொல்லைக் கேட்ட அன்றே நம் இல்லாளின் முகத்தில் பாதி அச்சம் நீங்கியது.

முதலில் நாணயத்தைப் பற்றிக் கூறுவோம். பொஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடன்று. அங்கு வழங்குவது ‘மார்க்’. போருக்குப் பின் உருவான இந்நாணயம் பழைய ஜெர்மன் மார்க்குக்கு இணையாக வைக்கப்பட்டது. ஜெர்மனியே மார்க்கைக் கைவிட்டு யூரோவுக்கு மாறிய பின்னும், ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்னும் மாறாத கணக்கில் பொஸ்னியாவில் அப்பெயர் நிலைத்து நிற்கிறது. சிறு தொகையில் வாழ்வோருக்கு இந்த உறுதி பெரும் துணை. பாரிஸிலோ வியன்னாவிலோ நம் சேமிப்பு ஓரிரு மாதங்களில் கரைந்திருக்கும். சரயேவோவில் அது பத்து மாதங்கள் தாங்கியது. ஆனால் தாங்கியதற்குக் காரணம் மலிவு மட்டும் என்று கூறிவிட முடியாது. ஒரு நகரம் யாருக்கு மலிவு என்று கேட்கும்போதுதான் உண்மைக் கணக்கு தொடங்குகிறது.

ஆற்றின் தென்கரையில் பிஸ்த்ரிக் என்னும் பழைய மஹாலாவில், மலைச்சரிவில், ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியை வாடகைக்குப் பேசினோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, கீழே நகரமெல்லாம் தெரியும் ஒரு சன்னல். அவர் கேட்டது மாதம் 600 மார்க். அதாவது சுமார் 307 யூரோ. நமக்குத் துணையாக வந்த உள்ளூர் நண்பர், அரபு கற்றவர், நம் செவியில் சொன்னார்: “குளிர்காலம் வருகிறது. வேறு ஆள் வரமாட்டார். 450 என்று கேளுங்கள், இசைவார்.”

அன்றிரவு நாமிருவரும் அதைப் பற்றிப் பேசினோம். மாதம் 150 மார்க் என்றால் பத்து மாதத்தில் 1,500. நம் நிலையில் அது சிறிய தொகையன்று. நம் இல்லாள் சற்று நேரம் எண்ணிவிட்டு ஒன்று கேட்டார்: “அந்த அம்மா கேட்டது நம்மால் கொடுக்க முடியாத தொகையா, இல்லை, நம்மால் குறைக்க முடிந்த தொகையா?” மூதாட்டியின் ஓய்வூதியம் அவ்வாடகையினும் குறைவு என்பதை நண்பர் வாயிலாகவே அறிந்திருந்தோம். மறுநாள் 600 மார்க்குக்கே சாவியைப் பெற்றுக்கொண்டோம். அந்த 150 மார்க்கை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதே பின்னர் நம் குடித்தனத்தின் திட்டமாயிற்று. மிச்சம் பிடிப்பதானால் நம் நாவிலிருந்தும் கால்களிலிருந்தும் பிடிப்போம், பிறர் உரிமையிலிருந்து வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கால்களின் கணக்கு எளிது. 1885 இல் குதிரைகள் இழுத்து, 1895 முதல் மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டி அந்நகரின் பெருமை. ஆயினும் நாம் அதில் ஏறியது சில நாட்களே. சரிவில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பஷ்சார்ஷியா என்னும் பழைய கடைத்தெரு. அதனுள்ளே காஸி குஸ்ரவ் பேக் பள்ளிவாசல். அருகே மதரஸாவும் நூலகமும். யாவும் நடைதூரமே. ஏறி வரும்போதுதான் மூச்சு வாங்கும். வழியிலெல்லாம் குடிநீர் ஊற்றுகள் உண்டு, நீருக்குக் காசில்லை.

நாவின் கணக்கு சற்றுக் கடினம். கடலோர ஊரில் பிறந்த நம் இல்லாளுக்கு மீனில்லாத வாரம் வாரமன்று. கடலில்லாத சரயேவோவில் மீன் விலை நமக்கு எட்டவில்லை. தேங்காய் என்பது கனவு. ஆனால் சந்தையில் ஒருநாள், சுண்டுவிரல் நுனியளவே உள்ள வெண்டைப் பிஞ்சுகளை உலர்த்தி, நூலில் மணிமாலைபோல் கோத்துத் தொங்கவிட்டிருப்பதைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. அவர்கள் அதைக் கோழி இறைச்சியோடு சூப்பாக வைப்பர். நம் வீட்டில் அது புளிக்குழம்பாயிற்று.

அவ்வூர்ப் பெண்மணிகளின் பெருங்கலை ஒன்றுண்டு. அதன் பெயர் ‘ஸிம்னிட்ஸா’. குளிர்காலத்துக்கென இலையுதிர்காலத்திலேயே உணவைப் பதப்படுத்தி வைப்பது அது. செப்டம்பரில் சிவப்புக் குடைமிளகாய் மலிந்து குவியும்போது மூட்டையாக வாங்கி, அனலில் சுட்டுத் தோலுரித்து, எண்ணெயில் கிளறி ‘அய்வார்’ என்னும் தொக்காக்கிப் புட்டிகளில் அடைப்பர். முட்டைக்கோசைப் பீப்பாயில் உப்புநீரிட்டுப் புளிக்க வைப்பர். பிளம் பழத்தைச் சருக்கரை சேர்க்காமலே காய்ச்சிப் பாகாக்குவர். வீட்டுக்கார மூதாட்டியும் நம் இல்லாளும் மூன்று நாட்கள் முற்றத்தில் அமர்ந்து மிளகாய் சுட்டனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும் மஹாலா, முஸாஃபிர், சபூர், செவாப், ஹைர் என்று இருவர் மொழியிலும் அரபு விட்டுச்சென்ற சொற்களைக் கொண்டே அவர்கள் உரையாடினர். ‘செவாப்’ என்பது நம் ‘ஸவாப்’ அன்றோ! அக்குளிர்காலம் முழுதும் நமக்குக் காய்கறிச் செலவு மிகக் குறைவு. எலுமிச்சை ஊறுகாய் போடும் முறையை மூதாட்டி நம்மிடம் கற்றுக்கொண்டார். அண்டை வீட்டாரோடு கொண்டு கொடுத்து வாழும் இவ்வுறவை அவர்கள் ‘கொம்ஷிலுக்’ என்பர். அது உள்ள இடத்தில் சிறு வருவாயும் பெரிதாகிறது. நம் முன்னோர் ‘பரகத்’ என்றது இதனையே எனலாம்.

நாம் நாடிச் சென்ற நூலகத்தைப் பற்றிக் கூறாமல் விடுதல் தகாது. காஸி குஸ்ரவ் பேக் 1531 இல் பள்ளிவாசலையும் 1537 இல் மதரஸாவையும் நிறுவினார். மதரஸாவுக்காக எழுதிய வக்ஃபு ஆவணத்தில், கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தில் நல்ல நூல்களை வாங்க வேண்டும் என்று விதித்தார். அந்த மிச்சப் பணத்தில் முளைத்ததே இந்நூலகம். இன்று அங்கே பதினாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் உள்ளன. அரபு, துருக்கி, பாரசீகம் ஆகியவற்றோடு, அரபு எழுத்தில் எழுதப்பட்ட பொஸ்னிய மொழிச் சுவடிகளையும் கண்டோம். நம் அரபுத்தமிழுக்கு அது உடன்பிறப்பு. தங்கள் மொழியின் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் அவர்கள் செய்துகொண்ட மாற்றங்களைக் கண்டபோது, நம் பாட்டிமார் ஓதிய ஏடுகள் நினைவில் எழுந்தன. 1992 ஆகஸ்டில் நகரின் தேசிய நூலகம் குண்டுகளுக்கு இரையாகி எரிந்தபோது, இந்நூலகத்தின் சுவடிகளை மட்டும் பணியாளர்கள் பல தடவை இடம் மாற்றி உயிரைப் பணயம் வைத்துக் காத்தனர். சிக்கனம் என்பது செலவழிக்காமை அன்று. எஞ்சியது எதற்குச் செல்ல வேண்டும் என்று அறிதல் என்பதை அந்த வக்ஃபு ஏட்டினும் தெளிவாக உரைத்தது வேறொன்றில்லை.

அந்நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. நீரும் மின்சாரமும் அற்றுப்போன அந்நாட்களில் பிஸ்த்ரிக்கிலுள்ள மதுவாலையின் அடியிலிருந்த ஊற்றே பல்லாயிரவர்க்கு நீர் வார்த்தது. நீருக்காக நின்ற வரிசையில் மூதாட்டியும் நின்றிருக்கிறார். குழாயில் நீர் வரும் இந்நாளிலும் படிக்கட்டின் கீழே பன்னிரண்டு புட்டிகளில் நீர் நிரப்பி வைத்திருந்தார். எஞ்சிய ரொட்டியை அவர் குப்பையில் இட்டதில்லை. பையிலிட்டுத் தெருவோரக் குப்பைத்தொட்டிக்கு வெளியே தொங்கவிடுவார், தேவையுள்ளோர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. நம் சிக்கனம் நாமே விரும்பி ஏற்றது, வேண்டாதபோது விட்டுவிடலாம். அவருடையதோ காலம் அவர்மேல் சுமத்தியது. இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தாலும் ஒன்றல்ல.

இனி, மலிவு வாழ்க்கையின் மறுபக்கம். டிசம்பர் வந்ததும், மலைகளுக்கிடையே குளிர்ந்த காற்று அசையாது தேங்கி, விறகும் நிலக்கரியும் எரியும் புகை மேலெழ வழியின்றி நகரின்மேல் போர்வையாகப் படிந்தது. அத்தகைய நாட்களில் உலகிலேயே காற்று மிகக் கெட்ட நகரங்களின் வரிசையில் சரயேவோவும் இடம்பெறும். நம் இல்லாளுக்கு இருமல் கண்டது. இரவில் உறக்கமில்லை. “போகும், போகும். பஞ்சாங்கம் புரண்டால் வெயில் வரும்” என்று அவர் சிரித்தார். கணக்கேட்டில் ஒரு மார்க்கும் ஏறாத அந்த இருமலே அவ்வாண்டின் பெருஞ்செலவு என்று நமக்குப் பட்டது. துணையின் மூச்சில் மிச்சம் பிடித்து நூல் படிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

மருத்துவரைப் பார்த்தோம். காற்றைத் துப்புரவாக்கும் சிறு பொறி ஒன்றை வாங்கினோம். வீட்டிலிருந்து சிறிது தொலைவில்தான் த்ரெபெவிச் மலைக்குச் செல்லும் கம்பிவட வண்டியின் நிலையம். போரில் அழிந்த அது 2018 ஏப்ரல் 6 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. புகை மிகுந்த நாட்களில் இருவரும் அதிலேறி, மேகப்போர்வையைக் கிழித்துக்கொண்டு மேலே சென்று, வெயிலில் அமர்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றை உண்டு, மாலையில் இறங்குவோம். அச்செலவைக் கணக்கேட்டில் ‘உல்லாசம்’ என்று எழுதவில்லை, ‘மருந்து’ என்று எழுதினோம். ஒருமுறை மூதாட்டியையும் அழைத்துச் சென்றோம். கீழே கண்ணுக்குப் புலப்படாத தம் நகரை நெடுநேரம் நோக்கியிருந்தார். நமக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. அவருக்கு அந்தப் புகையே ஊர்.

அவருடைய மகனும் மகளும் ஜெர்மனியில் இருந்தனர். அங்கே இளைஞர் பலரும் வேலை தேடி நாட்டை விட்டு அகன்றுகொண்டிருக்கின்றனர். வெள்ளிதோறும் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் அவர் முகத்தில் நம் ஊர்த் தாய்மார் யாவரையும் கண்டோம். 2024 மார்ச்சில் ரமலான் பிறந்தது. கருஞ்சீரகம் தூவிய ‘சொமுன்’ என்னும் ரொட்டிக்காக மாலையில் அடுமனைகளின் முன் மக்கள் வரிசையில் நிற்க, மஞ்சள் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்க, மினாராக்களில் விளக்குகள் ஒளிர்ந்தன. அங்குள்ள பழைய மணிக்கூண்டின் கடிகாரம் சூரியன் மறையும் பொழுதில் பன்னிரண்டைக் காட்டும். நாம் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். அவர் சொமுனும் பாலாடைக் கட்டியும் கொணர்ந்தார். பிள்ளைகள் இல்லாத அம்மேசையில் மூவர் நோன்பு திறந்தோம். அதற்கு ஆன செலவு மிகச் சிறிது.

ஆகவே, ‘கட்டுமா?’ என்று வினவியோர்க்கு நம் விடை: கட்டும். தங்கும் அனுமதிக்கு உரிய தாள்களையும் மருத்துவக் காப்புறுதியையும் முன்னரே ஒழுங்கு செய்துகொண்டால், அவ்வூரார் உண்பதை உண்டு, நடப்பதுபோல் நடந்து, பருவத்தோடு வாங்கினால் கட்டும். ஆனால் வெளியூர்ப் பணத்தோடு செல்வோர்க்கு மலிவாயிருக்கும் ஒவ்வொரு பொருளும் அங்கே பிறந்தோர்க்கு விலையேறிய பொருளாயிருக்கலாம். நாம் போய்க் குடியேறுவதே அவ்விலையைச் சற்று ஏற்றவும் கூடும். எனவே கணக்கேட்டில் இரண்டு பத்திகள் வேண்டும். நம் விருப்பத்தைக் குறைத்து மிச்சம் பிடித்ததை ஒன்றில் எழுதலாம், அது சிக்கனம். பிறர்க்கு உரியதையோ, உடன் வந்தவரின் நலத்தையோ குறைத்து மிச்சம் பிடித்ததை மற்றதில் எழுத வேண்டும், அது கடன். வீண்விரயத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடைப்பட்ட நடுவழியை மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கிறது. அயலூரில் குடியிருக்கும் கணவன் மனைவியர் அவ்விரண்டாம் பத்தியை வெறுமையாக வைத்திருப்பார்களாயின், முதற்பத்தியில் உள்ள தொகை எத்துணைச் சிறிதாயினும் அது போதும்.