கணினிமொழிகளுக்கிடையே கைமாறும் தரவு

அறிவியல் ஆய்வு ஒன்றை ஒரே கணினிமொழியில் தொடங்கி அதிலேயே முடிப்பது இப்போது அரிதாகிவிட்டது. 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட ஃபோர்ட்ரானின் வழிவந்த வடிவங்களில் வானிலை மாதிரிகள் பல இன்றும் இயங்க, அவற்றின் விளைவுகளைப் பைத்தானில் வரைபடமாக்குவதும், நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஆர் மொழியில் புள்ளியியல் ஆய்வுக்கு உட்படுத்துவதும் வழக்கமாகியுள்ளன. தரவு ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் அந்தக் கட்டத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சில்லறை வேலையாகவே எண்ணுகின்றனர். எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மொழியும் தனக்குள் வைத்திருக்கும் மரபுகள் எண்களோடு சேர்ந்து செல்வதில்லை என்பதால், ஆய்வு ஓசையின்றித் திரிந்துபோக மிகுந்த வாய்ப்புள்ள கட்டமும் அதுவே.

முதல் மரபு அடுக்குமுறை பற்றியது. நிரைகளும் நிரல்களும் கொண்ட அணியைக் கணினியின் நினைவகம் ஒற்றை நீள்வரிசையாகவே வைத்திருக்கிறது. சி மொழியும், இயல்பு நிலையில் பைத்தானின் நம்பை தொகுப்பும் அதனை நிரை நிரையாக அடுக்க, ஃபோர்ட்ரான், ஆர், மேட்லேப், ஜூலியா ஆகியவை நிரல் நிரலாக அடுக்குகின்றன. முதல் நிரையில் 1, 2, 3 என்றும் இரண்டாம் நிரையில் 4, 5, 6 என்றும் உள்ள அணியை ஃபோர்ட்ரான் நினைவகத்தில் 1, 4, 2, 5, 3, 6 என்று வைக்கும். அதே நினைவகத்தை நிரைமுறையில் படிக்கும் மொழிக்கு முதல் நிரை 1, 4, 2 என்றாகிவிடும். சதுர அணியாக இருந்தால் நிரைகளும் நிரல்களும் இடம் மாறி நிற்கும். இரு மாறிகள் எந்த அளவுக்குச் சேர்ந்து அசைகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு அணியைப் போலச் சமச்சீரானதாக இருந்தாலோ எந்த மாற்றமும் தெரியாது. அந்த அணியைக் கொண்டே சோதித்துப் பார்த்தவர் எல்லாம் சரியென்று முடிவுசெய்துவிடக்கூடும்.

இரண்டாவது மரபு, இல்லாத மதிப்பை எவ்வாறு குறிப்பது என்பதாகும். ஆர் மொழி முழு எண்களில் விடுபட்ட மதிப்பைக் குறிக்க, 32 பிட்டில் அடங்கும் மிகச்சிறிய எண்ணாகிய −2147483648 என்பதை ஒதுக்கி வைத்திருக்கிறது. இதனை அறியாத மொழி அதை உண்மையான அளவீடாக எடுத்துக்கொண்டால், நூறு வெப்பநிலைகளின் சராசரி மைனஸ் இரண்டு கோடியைத் தாண்டிப் போகும். அத்தகைய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதனால் விளையும் கேடு குறைவு. பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு செய்வது இதைவிட நுட்பமானது. சாதாரண முழு எண் நிரலில் ஒரு மதிப்பு விடுபட்டாலும், அது நிரல் முழுவதையும் மிதவைப் புள்ளி எண்களாக, அதாவது புள்ளி இடம் நகரக்கூடிய தோராய எண்களாக, மாற்றிவிடுகிறது. 64 பிட் மிதவைப் புள்ளி எண், முழு எண்களை 9007199254740992 வரையில் மட்டுமே இடைவிடாது துல்லியமாகத் தாங்கும் என்பதால், அதற்கு அடுத்த எண்ணை அடையாள எண்ணாகப் பெற்ற மாதிரி முன்னதோடு ஒன்றாகிவிடும். வேறெங்கோ ஒரு கட்டம் காலியாக இருந்ததன் விளைவாக இரு மாதிரிகள் ஒன்றாவதை எந்த எச்சரிக்கையும் அறிவிப்பதில்லை.

கண்ணால் படிக்கக்கூடிய உரைக்கோப்பாக மாற்றிவிட்டால் இத்தொல்லைகள் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் எதுவாயினும் அதனை எழுத்தாக்கிப் பிசகின்றித் திரும்பப் பெற 17 இலக்கங்கள் போதும். ஆர் மொழியின் வழக்கமான எழுதுமுறையோ 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. நாடுகளின் பட்டியலில் நமீபியாவுக்குரிய ஈரெழுத்துக் குறியீடு, ஆர், பாண்டாஸ் இரண்டும் விடுபட்ட மதிப்பாகப் படிக்கும் ஈரெழுத்தோடு ஒத்திருப்பதால், ஆய்வாளர் தடுத்துச் சொல்லாவிட்டால் ஒரு நாட்டின் குறியீடே வெற்றிடமாகிவிடுகிறது. உரைக்கோப்பு மரபுகளை நீக்குவதில்லை. அவற்றைப் படிப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது.

2016இல் தொடங்கிய அப்பாச்சி ஆரோ என்னும் திட்டம் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியது. நினைவகத்தில் நிரல் ஒன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதை எந்த மொழியையும் சாராமல் வரையறுத்து, விடுபட்ட மதிப்புகளை எண்களுக்குள் ஒளித்துவைக்காமல், மதிப்புக்கு ஒரு பிட் வீதம் தனி வரிசையாக அது குறிக்கிறது. இதனால் பல சூழல்களில் படியெடுக்காமலேயே ஒரே நினைவகத்தை இரு மொழிகள் பகிர முடிகிறது. ஆயினும் பாரன்ஹீட்டா செல்சியஸா, அளக்கப்படவில்லையா அளந்தும் பயனற்றதா என்பவற்றைப் பொது அமைப்பு தானாக அறியாது. அவற்றை எழுதிவைக்கும் கடமை ஆய்வாளரிடமே எஞ்சுகிறது.

மாற்றத்தைச் சரிபார்க்கப் பலரும் கையாளும் வழி, தரவை மற்ற மொழிக்கு அனுப்பித் திரும்பப் பெற்று மூலத்தோடு ஒப்பிடுவதாகும். இது தேவையான சோதனையே தவிரப் போதுமான சோதனை அன்று. போகும்போது இடம் மாறிய நிரைகளும் நிரல்களும் வரும்போது மீண்டும் இடம் மாறினால், இரு பிழைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மற்ற மொழியில் நடந்த கணக்கு முழுவதும் தவறாக இருந்தும் ஒப்பீடு பிசகின்றி முடியும். ஆகவே சோதனைத் தரவு சதுரமல்லாத அணியாகவும், சமச்சீர் அற்றதாகவும், ஒரு விடுபட்ட மதிப்பையும் ஒரு மிகப்பெரிய முழு எண்ணையும் கொண்டதாகவும் இருக்க வேண்டும். அதனைத் திரும்பி வந்த இடத்தில் மட்டும் பாராமல், சென்று சேர்ந்த மொழியிலேயே இன்ன நிரையில் இன்ன நிரலில் இன்ன மதிப்பு உள்ளதா என்று கேட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க முறையாகும்.