மேலே உற்பத்தி, கீழே தலைக்கணக்கு

பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகளை ஊர் ஐம்பது வருடமானாலும் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். நாடுகளுக்கும் அப்படித்தான். 1971 டிசம்பரில் பாகிஸ்தானிலிருந்து பிரிந்து தனிநாடானது வங்கதேசம்.

அன்றைக்கு வங்கதேசத்தை நம்பி யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். பிரிவதற்கு முன்பே மேற்கில் ஒருவருக்கான வருமானம் கிழக்கைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். 1970 புயலில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்து போர். 1974-ல் பஞ்சம்.

இன்று நிலைமை தலைகீழ். 2023-ல் வங்கதேசத்தின் மொத்த உற்பத்தி சுமார் 43,700 கோடி டாலர். பாகிஸ்தானுடையது சுமார் 33,800 கோடி. ஒருவருக்கு என்று பங்கிட்டால், அங்கே சுமார் 2,550 டாலர். இங்கே சுமார் 1,400.

எப்படி நடந்தது? எல்லோரும் சொல்லும் பதில், ஆயத்த ஆடைத் தொழில். 1979-ல் வங்கதேசத்தின் ஆடை நிறுவனம் ஒன்று 130 பேரைப் பயிற்சிக்காகத் தென்கொரியாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் பின்னாளில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார்கள். இன்று அந்நாட்டு ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆடைகள்தான். தையல் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள்.

ஆனால், இது பாதிக் கதைதான். தனிநபர் வருமானம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே உற்பத்தி, கீழே மக்கள்தொகை. மேலே இருப்பதையே பார்க்கும் நாம், கீழே இருப்பதை மறந்துவிடுகிறோம்.

1951 கணக்கெடுப்பில் கிழக்கில் 4.2 கோடி பேர், மேற்கில் 3.4 கோடிதான். இப்போது வங்கதேசத்தில் சுமார் 17 கோடி, பாகிஸ்தானில் 24 கோடி. பழைய விகிதமே நீடித்திருந்தால் வங்கதேசத்தில் இன்று 30 கோடி பேர் இருப்பார்கள். அதே உற்பத்தியை அத்தனை பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1,450 டாலர்தான் தேறும். கூடுதல் கைகளும் கொஞ்சம் சம்பாதித்திருக்கும் என்றாலும், இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும்.

தலைக்கணக்கை மாற்றியது யார்? 1970-களின் தொடக்கத்தில் இரு நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறேழு குழந்தைகள். வங்கதேசத்தில் குடும்பநலப் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1980-களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் ஏறி இறங்கி, வயிற்றுப்போக்குக்கு மருந்தாக மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால், பத்துப் பெற்றால்தான் நாலாவது நிற்கும் என்ற பயம் போய்விடும். இன்று அங்கே சராசரி இரண்டு சொச்சம், பாகிஸ்தானில் மூன்றரை.

ஆக, வகுத்தலின் மேலும் கீழும் மாறியதில் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், அதற்கு அவர்கள் கொடுத்த விலை எந்தப் பட்டியலிலும் இல்லை. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும், மறுநாள் அவர்களை வேலைக்கு வரவைத்தார்கள். அவர்கள் தைத்த சட்டைகள் மொத்த உற்பத்தியில் சேர்ந்தன. அவர்கள் இறந்ததை அந்தக் கணக்கில் கழிக்க இடமில்லை.

வளர்ச்சி எண்கள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்று 2024-ல் ஆட்சி மாறியபின் அமைக்கப்பட்ட குழுவே சொன்னது. வேலை கேட்டு இளைஞர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த ஆட்சியே கவிழ்ந்தது.

அடுத்த முறை இரண்டு நாடுகளின் பொருளாதாரத்தை ஒப்பிடும் படம் வாட்ஸ்அப்பில் வந்தால், எது முந்தியது என்பதோடு நிறுத்த வேண்டாம். யார் உழைத்து முந்தியது, அவர்கள் கையில் எவ்வளவு மிஞ்சியது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.